பருப்பை விடச் சொன்னார்கள், சீனியைப் பற்றி யாரும் பேசவில்லை: கவுட்டும் என் சாப்பாடும்

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் தோழிக்குப் போன வாரம் கவுட் என்று சொல்லிவிட்டார்கள். "நீதான் வருஷக்கணக்கா சாப்பாட்டுலயே சமாளிக்கிறியே, என்னென்ன விடணும்னு சொல்லு" என்று கேட்டாள். வாட்ஸ்அப்பில் எழுத ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கவுட் என்பது இரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி, மூட்டில் படிகமாகப் படிந்து வீங்கி வலிப்பது. சில உணவுகளிலும் நம் உடம்பிலும் இருக்கும் பியூரின் என்ற பொருள் உடையும்போதுதான் இந்த யூரிக் ஆசிட் உண்டாகிறது.

கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தபோது சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "இது பியர் குடிக்கிற ஆம்பளைங்களுக்குத்தானே வரும்?" என்பதுதான். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் வரும். ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை சிறுநீரகம் யூரிக் ஆசிட்டை நன்றாக வெளியேற்றும், அது குறைந்ததும் உடம்பில் தேங்க ஆரம்பிக்கும். அதோடு இரத்த அழுத்தத்துக்கு நான் சாப்பிட்ட நீர் மாத்திரையும் (சிறுநீரை அதிகம் போகவைப்பது) யூரிக் ஆசிட் அளவை ஏற்றக்கூடிய வகை. இதை ஒரு தனியார் கிளினிக் கேட்கவே இல்லை, வீங்கும்போதெல்லாம் ஊசி போட்டு அனுப்பியது. ஒரு வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கட்டிக் காத்திருந்த அரசாங்க கிளினிக்கில்தான் டாக்டர் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார், மாற்றியும் கொடுத்தார்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். பருப்பு கூடாது, கீரை கூடாது, தக்காளி கூடாது, தவ்ஹு (சோயாக் கட்டி) கூடாது என்று ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். நம் வீட்டில் இதையெல்லாம் எடுத்துவிட்டால் சோற்றுக்கு என்ன மிச்சம்? சாம்பார் வைத்த அன்றைக்கு எனக்கு மட்டும் ரசம், அதுவும் பருப்புத் தண்ணீர் விடாத ரசம். அந்த டாக்டர் அனுப்பிவைத்த உணவு ஆலோசகர்தான் பருப்பைத் திருப்பிக் கொடுத்தார். 2004இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வைச் சொன்னார். 47,000க்கும் மேற்பட்ட ஆண்களை 12 வருடம் பார்த்திருக்கிறார்கள். இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு கவுட் கூடியிருக்கிறது, பியூரின் உள்ள காய்கறி, பருப்பு வகைகளால் கூடவில்லை. அன்று சாயங்காலமே முருங்கைக்காய் போட்டு சாம்பார் வைத்தேன். பருப்பு குழைந்து, காய் உடையாமல், புளி கொஞ்சம் தூக்கலாக. பெருவிரல் ஒன்றும் செய்யவில்லை. அன்றிலிருந்து வீட்டில் பருப்பு நின்றதே இல்லை.

விட வேண்டியவை உண்டு. ஈரல், குடல், மத்தி, கெரங் என்ற சிப்பி, முக்கியமாக நெத்திலி. பினாங்கில் நெத்திலி எதில் இல்லை சொல்லுங்கள்! சம்பலில், சூப்பில், கீரைப் பிரட்டலில்கூடக் கிடக்கும். வீட்டில் இப்போது சம்பலுக்குப் பொரித்த தெம்பே (புளிக்கவைத்த சோயா) போடுகிறேன், பிள்ளைகள் அதையே கேட்கிறார்கள்.

ஆனால் யாருடைய பட்டியலிலும் சீனி இல்லை, எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். நாம் போடும் சீனியில் பாதி ஃபிரக்டோஸ். கல்லீரல் அதை உடைக்கும்போதே யூரிக் ஆசிட் உண்டாகிறது. பெண்களை வைத்தே 2010இல் ஜாமா இதழில் ஒரு ஆய்வு வந்தது, 78,906 பேர், 22 வருடம். சீனி போட்ட குளிர்பானமும் ஆரஞ்சு ஜூஸும் தினமும் குடித்தவர்களுக்கு கவுட் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. பருப்பைத் தொடாதே என்று என்னைத் தடுத்த அதே அத்தை, "வெயில்ல வந்திருக்கே, குடி" என்று ரோஸ் சிரப்பும் பாலும் கலந்த சிராப் பண்டோங்கை நீட்டுவார். அன்புதான், தெரியும், ஆனாலும் எரிச்சலாக வரும்.

கடையிலும் இதே கதை. "தே கொசொங்", அதாவது சீனி இல்லாத தேநீர், என்று சொல்லிவிட்டு நின்று பார்ப்பேன். தம்பியின் கை பழக்கத்தில் பால் டின்னுக்குப் போகும், கெட்டிப்பால் கிளாஸின் அடியில் விரல் உயரத்துக்கு இறங்கிவிடும், அதன் மேல் தேயிலைத் தண்ணீர். கேட்டால், "சீனி போடலக்கா, பால் மட்டும்தான்" என்பான். அந்தப் பாலே சீனிதானே தம்பி! இப்போது "தே சி கொசொங்" (இனிப்பில்லாத டின் பால் விட்டது, சீனி இல்லாதது) என்று அழுத்திச் சொல்கிறேன். அப்போதும், "கொஞ்சம்கூட இல்லாம எப்படிக்கா குடிப்பீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுகிறான். தைப்பூசத்தில் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனால் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல், எல்லாமே இனிப்பு. வெறும் தண்ணீரும் நிறைய வைத்தால் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

பலன் என்ன? இரத்தத்தில் 540இல் இருந்த யூரிக் ஆசிட் அளவு (லிட்டருக்கு மைக்ரோமோல் கணக்கில்) 470க்கு வந்தது, எடையும் குறைந்தது, மாடி ஏற முழங்கால் முன்பு போல முரண்டு பிடிக்கவில்லை. ஆனால் இருக்க வேண்டியது 360க்குக் கீழே. யூரிக் ஆசிட்டில் பெரும்பங்கை நம் உடம்பே செய்கிறது, சாப்பாட்டால் எவ்வளவுதான் இறக்க முடியும்? இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் கணுக்கால் ஒருமுறை வீங்கி, மகள் கல்யாண வேலை நேரத்தில் என்னைப் படுக்க வைத்தது. அப்புறம் யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையை ஆரம்பித்தார்கள். முதல் சில மாதம் வலி திரும்பத் திரும்ப வரலாம் என்று கூடவே வீக்கத்தைத் தடுக்கும் கோல்சிசினும் கொடுத்தார்கள், தோலில் தடிப்பு வந்தால் அலோபியூரினாலை உடனே நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். அளவை 360க்குக் கீழே இறக்கியது அந்த அலோபியூரினால்தான்.

அதனால் இந்தச் சாப்பாட்டு முறைக்கு நான் அரை மதிப்பெண்தான் கொடுப்பேன். பட்ட பாட்டுக்கு அது தந்தது குறைவு. ஆனால் இனிமேல் நீ எதுவும் சாப்பிடலாம் என்று டாக்டரே சொன்னாலும் நான் சீனித் தேத்தண்ணிக்குத் திரும்ப மாட்டேன், காலையில் எழும்போது உடம்பு லேசாக இருப்பதை நான் விடுவதாக இல்லை.

உனக்கு ஒன்று, தோழி: அடுத்த தடவை கிளினிக் போகும்போது நீ சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு போ. உன் யூரிக் ஆசிட் அளவு எவ்வளவு என்று எண்ணாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்.