ஐந்து முகங்களில் அடங்காத நாள்: மனநிலை பதியும் செயலிகள் வாங்கத் தகுந்தவையா?

மனநிலை பதியும் செயலிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இரவில் அறிவிப்பு வரும்; அழுகை முதல் சிரிப்பு வரை ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட வேண்டும்; அன்று செய்தவற்றைக் குறிக்க வேண்டும். மாதக் கடைசியில் வண்ண நாள்காட்டியும் ஒரு சராசரியும் கிடைக்கும். பயன்படுத்த எளிதுதான். ஆனால் அந்த ஒரே தொடுகையில் இரண்டு கேள்விகள் கலந்துவிடுகின்றன.

இந்த நேரத்து மகிழ்ச்சி ஒன்று, வாழ்க்கை மீதான மனநிறைவு வேறு. முதலாவது மணிக்கு மணி மாறும். இரண்டாவது வேலை, உறவு, உடல்நலம், கடன் ஆகியவற்றோடு மெல்ல நகரும். கைக்குழந்தையோடு தூக்கம் கெட்டுக் கிடப்பவர் நாள் முழுக்க எரிச்சலில் இருந்தாலும், வாழ்க்கை எப்படி என்று கேட்டால் நிறைவு என்று சொல்லக்கூடும். அவர் எந்த முகத்தைத் தொடுவார்? பிடிக்காத வேலையில் சிக்கி, மாலைகளை மட்டும் நண்பர்களோடு கழிப்பவருக்கு இது தலைகீழ். அவருடைய நாள்காட்டி பச்சையாகவே இருக்கும். இன்னும் கேளிக்கை சேர்க்கச் சொல்லும் செயலியின் ஆலோசனை அவருக்கு வீண்.

இரவு அறிவிப்பை முதலில் அணைத்துவிடுங்கள். கடந்துபோன அனுபவத்துக்கு மதிப்பெண் போடும்போது மனம் அதன் உச்சத்துக்கும் முடிவுக்கும் கூடுதல் எடை தருகிறது என்பதை உளவியலாளர் டேனியல் கானேமன் குழுவின் ஆய்வுகள் காட்டின. படுக்கும் முன் வந்த ஒரு சண்டை, நல்ல பகலையும் சாம்பல் நிறமாக்கிவிடும். பகலில் மூன்று நான்கு நேரங்களில் அறிவிப்பு வையுங்கள், வாரத்துக்கொரு முறை நேரத்தை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் எப்போதும் தேநீர் இடைவேளைதான் பதிவாகும். முகங்களின் பெயரை மாற்ற முடிந்தால் ‘துள்ளல், இதம், சாதாரணம், சோர்வு, கடுப்பு’ என்று வைக்கலாம். பதில் அந்த நிமிடத்தை விட்டு நகராது.

மனநிறைவை அளக்கச் செயலியே வேண்டாம். உளவியலாளர் எட் டீனரும் சகாக்களும் 1985-இல் வெளியிட்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோல் இலவசம். 5 வாக்கியங்கள், ஒவ்வொன்றோடும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்பதற்கு 1 முதல் 7 வரை மதிப்பெண். கூட்டினால் 5-க்கும் 35-க்கும் இடையில் வரும், 20 நடுநிலை. மாதம் ஒருமுறை, செயலியின் வரைபடத்தைத் திறப்பதற்கு முன்பே காகிதத்தில் நிரப்புங்கள். ஓரிரு புள்ளி ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

சராசரியையும் நம்பாதீர்கள். முகங்கள் வரிசைதான், அளவு அல்ல; அவற்றின் சராசரி 3.4 என்றால் அதற்குப் பொருள் எதுவுமில்லை. ‘துள்ளல்’ எத்தனை முறை, யாரோடு, எதைச் செய்யும்போது என்று எண்ணிப் பாருங்கள். செயல் குறிகளைப் பத்துப் பன்னிரண்டுக்குள் நிறுத்துங்கள். நாற்பது இருந்தால் பாதியைக் குறிக்க மறந்துவிடும். ‘நடைப்பயிற்சி செய்த நாளில் மனநிலை உயர்வு’ என்று செயலி சொன்னால், மனம் நன்றாக இருந்த நாளில்தான் நடக்கப் போயிருக்கலாம்.

மோசமான அம்சம், இடைவிடாமல் பதிந்த நாள்களைக் காட்டும் ‘தொடர் நாள்’ எண்ணிக்கை. அது அறுந்துவிடக் கூடாதென்று மூன்று நாளை ஒரேயடியாக நிரப்பினால் அந்தப் பதிவுகள் வெறும் ஊகம். அவற்றை நீக்கிவிட்டு எண்ணிக்கையை மறைத்துவிடுங்கள்.

மகிழ்ச்சி எங்கே கிடைக்கிறது என்று அறிய, இலவசப் பதிப்பே பெரும்பாலும் போதும். பணம் கட்டுவதானால் இரண்டைப் பாருங்கள்: பதிவுகள் தொலைபேசியிலேயே தங்குகின்றனவா, அவற்றை சிஎஸ்வி கோப்பாக (விரிதாளில் திறக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பு) எடுக்க முடிகிறதா. இரண்டு வாரத்துக்கு மேலாகச் சோர்வு, கடுப்பு முகங்களே வந்தால் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு எந்தச் செயலியும் மாற்றல்ல.