வருவாய் நீதிமன்றச் சேவை: நிலம் கிடைத்தது, ஐந்து போகங்கள் போயின

காவிரிப் படுகையில் எங்கள் பெரியப்பா குத்தகைக்குப் பயிரிட்டுவந்த நன்செய் நிலத்திலிருந்து, எந்த உத்தரவும் இல்லாமல், நாற்று விட்டிருந்த நேரத்தில் இறக்கிவிடப்பட்டார். நிலத்தை மீட்க அவருடன், குத்தகை வழக்குகளை விசாரிக்கும் வருவாய் நீதிமன்றத்துக்கு அலைந்தவன் என்ற முறையில் அந்தச் சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குத்தகை பாக்கி, நிலத்தைப் பாழ்படுத்துதல், நில உரிமையாளரின் உரிமையை மறுத்தல் போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டுமே, அதுவும் முறைப்படி மனுச் செய்து உத்தரவு பெற்ற பிறகே, குத்தகைதாரரை வெளியேற்ற முடியும். இதை மீறி வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் மனுக் கொடுத்து நிலத்தைத் திரும்பக் கேட்கலாம். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித் தீர்க்கலாம் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களை நான் அறிவேன்.

எங்களைக் காப்பாற்றியது, 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி தாத்தா காலத்திலேயே வட்டாட்சியர் அலுவலகத்தில் செய்திருந்த குத்தகைப் பதிவு. வாய்மொழிக் குத்தகையில் இருந்த பக்கத்து வயல்காரருக்கு அந்தப் பிடிமானம் இல்லை. விசாரணை தமிழிலேயே நடந்ததும், பெரியப்பா தம் வழக்கைத் தாமே எடுத்துச் சொல்ல முடிந்ததும் மனத்துக்கு ஆறுதலாக இருந்தன. ஆனால் வாய்தா மேல் வாய்தா. இடையில் அலுவலர் மாறுதலாகிப் போனார். உத்தரவு வருவதற்குள் ஐந்து போகங்கள் கடந்துவிட்டன.

அந்த உத்தரவில் நிலம் இருந்தது. இழந்த குறுவைக்கும் சம்பாவுக்கும் இழப்பீடாக ஒரு ரூபாய்கூட இல்லை. கணக்கிட வழியில்லை என்று சொல்ல முடியாது. நியாயக் குத்தகைச் சட்டம் விளைச்சலில் உரிமையாளருக்கு 25 சதவீதம் என்று வரையறுத்திருக்கும்போது, எஞ்சிய 75 சதவீதத்திலிருந்து சாகுபடிச் செலவைக் கழித்தால் குத்தகைதாரரின் இழப்பு தெரிந்துவிடும். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், மூன்றாண்டுகளாக அந்த நிலத்தையே பிழைப்பாகக் கொண்ட குத்தகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. அரசு எடுத்தால் கிடைக்கும் அந்த மதிப்பு, தனியார் சட்டத்தை மீறி வெளியேற்றும்போது ஏன் கிடைக்கக் கூடாது?

நிலத்தை மீட்க இந்த நீதிமன்றத்தை நம்பிச் செல்லலாம். செல்லும்போது பதிவுச் சான்றையும், குத்தகை அளந்ததற்கான ரசீதுகளையும், ஒவ்வொரு போகத்து விளைச்சல் கணக்கையும் எடுத்துச் செல்லுங்கள். பெரியப்பாவிடம் அந்த விளைச்சல் கணக்குதான் இல்லை.