மார்செய் கடலோர நடை: பழைய துறைமுகமா, கார்னிஷ் சாலையா?

பிரான்சின் மார்செய் நகரில் ஒரு வேளை மட்டுமே நடக்க இயலுமெனில், பழைய துறைமுகக் கரையையும் கென்னடி கார்னிஷ் சாலையையும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கி.மு. 600 அளவில் ஃபொக்கேயா என்னும் நகரின் கிரேக்கர்கள் குடியேறிய பழைய துறைமுகம், மூன்று புறமும் நகரம் சூழ்ந்த நீண்ட குடா. காலையில் அதன் கிழக்குக் கரையில் மீனவர்கள் அன்று பிடித்த மீனைப் பலகைகளில் பரப்பி விற்பதையும், நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 2013இல் திறக்கப்பட்ட எஃகுப் பந்தலின் கண்ணாடி போன்ற அடிப்பரப்பில், கீழே நடப்போர் தலைகீழாகத் தெரிவதையும் பார்த்துவிட்டு, வட கரை வழியே புனித ஜான் கோட்டை வரை செல்லலாம். தரை சமமானது என்பதால் முதியோருக்கும் கடினமில்லை. கூட்டம்தான் சற்றுத் தொல்லை.

கார்னிஷ் வேறு வகை. கத்தலான் கடற்கரையிலிருந்து தெற்கே, பாறைகளுக்கு மேலாகச் செல்லும் இச்சாலையில் ஒருபுறம் வாகன இரைச்சல், மறுபுறம் திறந்த கடல். சிறைச்சாலையாக இருந்த இஃப் கோட்டை தொலைவில் தீவாகத் தெரியும். வழியில் சாலைப் பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே ஒதுங்கியிருக்கும் ஓஃப் பள்ளத்தாக்கின் சிறு படகுத்துறைக்குப் படியிறங்காமல் திரும்புவது, என் கருத்தில், பெரும் இழப்பு. நிழல் குறைவு, மிஸ்திரால் என்னும் கடும் வடகாற்று வீசும் நாளில் நிற்பதே சிரமம்.

காலையெனில் துறைமுகத்தையும், காற்றடங்கிய மாலையெனில், கதிரவன் கடலில் மறைவதைக் காண்பதற்காகவே, கார்னிஷையும் தேர்ந்தெடுப்பேன்.