ஸ்கோபஸா, கூகுள் ஸ்காலரா, வெப் ஆஃப் சயின்ஸா: டெல்டா ஆய்வாளர் எந்த எண்ணைக் காட்டுவது?

பேராசிரியர் பணிக்கான பல விண்ணப்பங்களில் ‘எச்-இன்டெக்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. எந்தத் தளத்தில் எடுத்த எண் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. ஆடுதுறையில் நெல்லை ஆராய்கிறவரும், தஞ்சாவூரில் கல்வெட்டு படிக்கிறவரும், கும்பகோணத்தில் கணிதம் நடத்துகிறவரும் அதே கட்டத்தைத்தான் நிரப்ப வேண்டும்.

கணக்கு எளிது. தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் பத்து இருந்தால் எச்-இன்டெக்ஸ் 10. இதை 2005இல் முன்வைத்த இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ், துறைக்குத் துறை எண் மாறும் என்பதை அந்தக் கட்டுரையிலேயே காட்டிவிட்டார்: இயற்பியலில் எட்வர்ட் விட்டனுக்கு 110, உயிரியலில் சாலமன் ஸ்னைடருக்கு 191. இதை வைத்து விட்டனை மட்டம் தட்ட யாரும் துணிய மாட்டார்கள். உயிரியலில் கட்டுரைகளும் அதிகம், ஒவ்வொன்றின் மேற்கோள் பட்டியலும் நீளம். நம் தேர்வுக்குழுக்கள்தான் இதை வசதியாக மறந்துவிடுகின்றன.

மேற்கோள்களை எண்ணிச் சொல்லும் மூன்று தளங்களில் கூகுள் ஸ்காலர் இலவசம். நூல், ஆய்வேடு, கருத்தரங்கத் தொகுப்பு என இணையத்தில் கிடைக்கும் எதையும் வாரிக்கொள்ளும். அதனால் அதன் எண்ணே பெரும்பாலும் பெரிதாக இருக்கும். ஏமாற்றுவதும் சுலபம். 2024இல் லாரி என்ற பூனையின் பெயரில் 12 போலிக் கட்டுரைகளையும், அவற்றை மேற்கோள் காட்டும் வேறு போலிக் கட்டுரைகளையும் ஏற்றி, அதன் எச்-இன்டெக்ஸை 11 ஆக்கிக் காட்டினார்கள் இரண்டு ஆய்வாளர்கள். கூகுள் பிறகு அந்த மேற்கோள்களை நீக்கியது. எல்சேவியர் பதிப்பகத்தின் ஸ்கோபஸும், யூஜின் கார்ஃபீல்டு 1964இல் தொடங்கிய மேற்கோள் அட்டவணையின் வாரிசான வெப் ஆஃப் சயின்ஸும் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களையே சேர்க்கின்றன. இரண்டுக்கும் சந்தா கட்ட வேண்டும். பின்னது இன்னும் கறார். இவ்விரண்டில் எதை எடுப்பது என்று நம் ஊர் ஆய்வாளர் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கல்லூரி எதற்குச் சந்தா கட்டியிருக்கிறதோ அது.

உண்மையான தலைவலி பெயரில் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். ஒரு கட்டுரையில் அது முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால் போகும், மூன்றாவதில் அப்பா பெயராக விரியும். திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்தை மாற்றிக்கொண்ட பெண்ணின் பாதிக் கட்டுரைகள் வேறு ஒருவருடையவை போலக் கிடக்கும். ஸ்கோபஸ் ஓர் ஆளை இரண்டு மூன்றாகப் பிளக்கும். கூகுள் ஸ்காலரோ ஊரிலுள்ள செந்தில்குமார்களின் கட்டுரைகளையெல்லாம் ஒருவர் தலையில் கட்டிவிடும். எந்தத் தளத்தை நம்பினாலும், ஓர் ஆய்வாளரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும் ஆர்கிட் (ORCID) அடையாள எண்ணை முதலில் வாங்கிவிடுவது நல்லது.

நெல் விஞ்ஞானிக்கு நான் ஸ்கோபஸைச் சொல்வேன். எச்-இன்டெக்ஸுக்காக அல்ல, துறைக்கேற்பச் சீராக்கிய எண்ணுக்காக. அதே துறையில், அதே ஆண்டில், அதே வகையில் வெளியான கட்டுரைகளோடு ஒப்பிட்டுச் சொல்வது அது. உலகச் சராசரி 1. கட்டுரைகள் சிலவே என்றால் அதிகம் மேற்கோள் பெற்ற ஒரே ஒரு கட்டுரை அதைத் தூக்கி நிறுத்திவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. 1922 முதல் இயங்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பு இதிலும் முழுதாக வராது. குறுவைக்கு ஆடுதுறை 43 ரகத்தை விதைக்கும் விவசாயி மேற்கோள் காட்டுவதில்லை.

கல்வெட்டாளருக்கு ஸ்கோபஸ் அநியாயம். திருச்சிப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளை வைத்து, பிரமதேயத்தில் (பிராமணர்களுக்குக் கொடையாகத் தந்த ஊரில்) நிலம் தனித்தனி ஆட்களிடமும் மற்ற ஊரில் பொதுவிலும் இருந்ததை ஜப்பானிய வரலாற்றாளர் நொபொரு கராஷிமா 1960களில் எழுதினார். இன்றும் அந்த ஆய்வை விவாதிக்கிறார்கள். ஆனால் நூல்களிலும் தமிழ் ஆய்வேடுகளிலும்தான் அதிகம். இங்கே கூகுள் ஸ்காலரே மேல், குப்பையைக் கையால் களைந்த பிறகு. அதுவும் அச்சில் மட்டும் உள்ள தமிழ் இதழ்களைப் பார்க்காது.

கணிதத்துக்கு எச்-இன்டெக்ஸே வேண்டாம் என்பேன். கும்பகோணத்து ராமானுஜனின் தொகுக்கப்பட்ட கட்டுரைகள் 37. அவருடைய எண் எந்நாளும் அதைத் தாண்டாது. 1920இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு அவர் எழுதிய ‘மாக் தீட்டா’ என்ற கணிதச் சார்புகள் பிடிபட 2002இல் டச்சுக் கணிதவியலாளர் ஸ்வேகர்ஸின் ஆய்வேடு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓர் ஆய்விதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்று சொல்லும் தாக்கக் காரணி பார்ப்பதோ முந்தைய இரண்டே ஆண்டுகளை. கட்டுரைகளைத் தேட இலவசமான இசட்பிமேத் (zbMATH) என்ற கணிதத் தரவுத்தளம் போதும்.

கல்லூரி வாசல் பேனர்களில் வரும் ‘ஸ்டான்ஃபோர்டு 2 சதவீதப் பட்டியல்’, அதாவது உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்களின் பட்டியல், ஸ்கோபஸ் தரவுதான். ஆனால் தன்னைத்தானே மேற்கோள் காட்டியதைக் கழித்தும் கணக்குத் தருகிறது, உட்துறை வாரியாகவும் பிரிக்கிறது. அந்த அளவுக்கு வெறும் எச்-இன்டெக்ஸைவிட நேர்மையானது. அதில் வாழ்நாள் பட்டியல் ஒன்று, ஓராண்டுப் பட்டியல் ஒன்று. பேனரில் இருப்பது எது என்று கேட்டுவிட்டு வாழ்த்துங்கள்.