அரச கிளினிக்கா, தனியார் சனலிங்கா?

அம்மாவுக்குச் சீனி வருத்தம். கொழும்பில் எங்களுக்கு இரண்டு வழி. 1864 இல் தொடங்கிய தேசிய வைத்தியசாலை போன்ற அரச ஆஸ்பத்திரியில் வைத்தியரைப் பார்க்கக் காசில்லை. ஆனால் விடியவே போய் நம்பர் எடுக்க வேண்டும். தனியாரில் பின்னேரம் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் பதிந்து, விரும்பிய நிபுணரைப் பார்க்கலாம், காசு கரையும். அநேகமாக அரச ஆஸ்பத்திரி வைத்தியரே வேலை முடிந்து அங்கேயும் வருகிறார்.

எனக்குப் பெரிதாய்ப் படுவது கிளினிக் கொப்பி. மூலை மடிந்த அந்தக் கொப்பியில் அம்மாவின் சீனி அளவு மாதாமாதம் வரிசையாக இருக்கிறது. தனியாரில் ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு. பழையதை நாங்கள்தான் தேட வேண்டும். நீண்டகால வருத்தத்துக்கு அரச கிளினிக்கையே சொல்வேன். அவசரமாக ஒரு நிபுணரின் கருத்து வேண்டுமென்றால் சரி, சனல் பண்ணுங்கள். கொப்பியையும் கொண்டுபோங்கள்.