ஆர்பிஸ் இணையச் சேவை: சரக்குக் கூலியால் வரைந்த ரோமானியப் பேரரசு

ரோமானியப் பேரரசின் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக எத்தனை நாளாகும், ஒரு கிலோ கோதுமையை அனுப்ப எத்தனை டெனாரியஸ் (ரோமானிய நாணயம்) செலவாகும் என்று கணித்துக் காட்டும் ‘ஆர்பிஸ்’, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் ஷைடலும் எலைஜா மீக்ஸும் உருவாக்கி 2012இல் வெளியிட்ட இலவசச் சேவையாகும். கி.பி. 200ஐ ஒட்டிய சாலைகளும் ஆறுகளும் கடல்வழிகளும் இதில் ஒரே வலையாகப் பின்னப்பட்டுள்ளன. புறப்படும் மாதத்தையும், விரைவு முக்கியமா சிக்கனம் முக்கியமா என்பதையும் நாமே தேர்ந்தெடுக்கலாம்.

செலவையே தூரமாகக் கொண்டு வரைபடத்தை மாற்றி வரையும் வசதிதான் இதன் உச்சம். ரோமை நடுவில் வைத்தால், கடல் கடந்த அலெக்சாந்திரியா நெருங்கி வர, இன்றைய வியன்னா இருக்கும் விண்டோபோனா எங்கோ விலகிப் போகிறது. ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 301இல் பிறப்பித்த விலை ஆணையைப் பார்த்தால் காரணம் விளங்கும்: ஓர் அளவை கோதுமைக்கு உச்சவிலை 100 டெனாரியஸ், அதை அலெக்சாந்திரியாவிலிருந்து ரோமுக்குக் கப்பலில் கொண்டுவர 16 டெனாரியஸ் மட்டுமே, 1,200 ராத்தல் ஏற்றிய வண்டிக்கோ மைலுக்கு 20 டெனாரியஸ் கூலி. இன்றும் கப்பல்தான் மலிவு என்றாலும், ரயிலும் லாரியும் உள்நாட்டு நகரங்களுக்குத் தானியத்தைக் கொண்டு சேர்த்துவிடுகின்றன. அன்று கடலோ ஆறோ எட்டாத ஊர் பெரும்பாலும் தன் சுற்றுவட்டார விளைச்சலையே நம்பி வாழ்ந்தது.

குறை இல்லாமலில்லை. ஆணையில் உள்ளவை அரசு விதித்த உச்சவரம்புகளே; ஒரு நூற்றாண்டுக்குப் பிந்தைய அவற்றைக் கொண்டு கி.பி. 200இன் செலவைக் கணிப்பதில் எச்சரிக்கை வேண்டும். அதைவிட முக்கியம், கூலியையும் பயண நாள்களையும் மட்டும் காட்டும் இந்தக் கருவி ரோமை ஒரு தூய சந்தையாகத் தோன்றச் செய்வதாகும். தலைநகருக்கு எகிப்து அனுப்பிய தானியத்தில் பெரும்பகுதி வரியாக வாங்கப்பட்டது. பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் சுமார் 2,00,000 பேர் இலவசத் தானியம் பெற்றார்கள். புயலில் நேரும் இழப்பை ஈடுசெய்வதாகக் பேரரசர் கிளாடியஸ் வணிகர்களுக்கு உறுதியளித்தார் என்றால், இன்று கப்பல் முதலாளிகள் காப்பீட்டு நிறுவனங்களிடம் விலைகொடுத்து வாங்கும் பாதுகாப்பை அன்று பேரரசரே தந்தார் என்றுதான் கொள்ள வேண்டும்.

நமக்கு இன்னொரு ஏமாற்றமும் உண்டு. செங்கடலிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருந்தும், முசிறியோ அரிக்கமேடோ இந்த வரைபடத்தில் இடம்பெறவில்லை. ஊர்ப்பெயர்கள் லத்தீனில் இருப்பதால், லுக்துனும் என்பது லியோன் என்று தெரியாதவர்கள் பக்கத்தில் ஒரு வரலாற்று வரைபடத்தை வைத்துக்கொள்வது நல்லது. தேடலைத் தொடங்குமுன் கணக்கிடும் முறையை விளக்கும் பக்கங்களையும் படித்துவிட வேண்டும்.