முதல் லாரி: தவணையில் புதியதா, கைக்காசில் பழையதா?

சொந்தமாக லாரி வாங்கித் தொழில் தொடங்கலாம் என்று நினைப்பவர் எல்லோரும் முதலில் வந்து நிற்கும் இடம் இதுதான். முன்பணம் கட்டிப் புது வண்டி எடுப்பதா, இருக்கிற காசுக்கு ஓடிய வண்டியை வாங்குவதா? நான் 5 வருடம் ஓடிய வண்டியைக் கடனில்லாமல் வாங்கித் தொடங்கியவன். அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான். ஏன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

புது வண்டியின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. கம்பெனி உத்தரவாதம் உண்டு, டீசல் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும், நல்ல டிரைவர் கிடைப்பதும் எளிது. பழைய வண்டியில் விலை குறைவு. புது வண்டியின் மதிப்பு வேகமாக இறங்குவது முதல் சில வருடங்களில்தான் என்பதால், அந்த நஷ்டத்தை முன்பு வைத்திருந்தவர் ஏற்கெனவே சுமந்து முடித்திருப்பார். சரி, இதெல்லாம் இருக்கட்டும். முடிவைத் தீர்மானிக்கும் விஷயம் வேறு: வண்டி நிற்கும் நாள்.

லாரி ஓடும் நாளில் எந்த வண்டியும் சோறு போடும். நிற்கும் நாளில் என்ன ஆகிறது என்பதில்தான் தொழில் பிழைப்பதும் மூழ்குவதும் இருக்கிறது. பழைய வண்டி அடிக்கடி நிற்கும், அதனால் புதியதே நல்லது என்று பலரும் சொல்வார்கள். பாதி உண்மை. முதல் 3 மாதம் என் வண்டி நின்ற நாள்களை ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். பழுதுக்காக நின்றது 9 நாள். லோடு கிடைக்காமலும், ஏற்ற இறக்க வரிசையில் காத்துக்கிடந்தும் நின்றது 26 நாள். புது வண்டியாக இருந்திருந்தால் அந்த 9 நாள் மிச்சமாகியிருக்கும். 26 நாள் அப்படியே இருந்திருக்கும். ஏனென்றால் அது வண்டியின் குறையல்ல, தொழிலுக்குப் புதிதாக வந்தவனின் குறை. யாரும் என்னை அறிந்திருக்கவில்லை. போன ஊரிலிருந்து ரிட்டர்ன் லோடு பிடிக்கவும் ஆள் பழக்கம் இல்லை.

இந்த நிலையில் தவணை வண்டி வைத்திருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடும் என்று நம்பித் தவணைக்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள். ஓடுவது 5,000 மட்டும் என்றால், ஒவ்வொரு கிலோமீட்டரும் சுமக்கும் தவணைப் பங்கு 60 சதவீதம் கூடிவிடும். டீசலும் டயரும் ஓடினால்தான் செலவு. தவணையும் இன்சூரன்ஸும் அப்படியல்ல, வண்டி நிழலில் நின்றாலும் தேதி தவறாமல் வந்துவிடும். விலை கூடிய வண்டிக்கு இன்சூரன்ஸும் பெரும்பாலும் கூடத்தான் இருக்கும்.

இதன்மேல் வாடகைப் பாக்கி வேறு. டீசலுக்கு இன்றே காசு வைக்க வேண்டும், சரக்கு அனுப்பியவர் பில்லுக்குப் பணம் தருவதோ 30 நாள், 60 நாள் கழித்து. என் முதல் வருடத்தில் ஒருவர் 4 நடைக்கான வாடகையை 3 மாதம் இழுத்தடித்தார். அந்த 3 மாதத்தில் எனக்குத் தவணை இருந்திருந்தால், கட்டுப்படியாகாத வாடகைக்கும் தலையாட்டியிருப்பேன். தவணை இல்லாததால் இரண்டு முறை ‘இந்த வாடகைக்கு வராது’ என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க முடிந்தது. தொடக்கத்தில் குறைந்த வாடகைக்குப் பழக்கிவிட்டால், அதே ஆளிடம் அப்புறம் ஏற்றிக் கேட்பது மிகக் கடினம்.

அமெரிக்காவின் மால்கம் மெக்லீன் 1956-இல் ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 கண்டெய்னர்களை ஏற்றி அனுப்பி, உலகச் சரக்குப் போக்குவரத்தையே மாற்றினார். அவர் 1934-இல் லாரித் தொழிலுக்கு வந்தது ஒரு பழைய டிரக்கோடுதான். ஒருவர் ஜெயித்ததை வைத்து விதி எழுத முடியாது, ஆனால் பழைய வண்டியில் தொடங்குவதை இளப்பமாகப் பார்ப்பவர்களிடம் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

பழைய வண்டி என்றால் எந்தப் பழைய வண்டியும் அல்ல. மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பார்க்கப் போகும் நாளில், நாங்கள் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் பார்த்த இரண்டாவது வண்டியில் ரேடியேட்டர் பக்கம் கை வைத்தேன், கதகதவென்று இருந்தது. குளிர்ந்த இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்பதை மறைக்கச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தது, அங்கிருந்தே திரும்பிவிட்டேன்.

ஸ்டார்ட் செய்ததும் புகையைக் கவனியுங்கள். நீலம் கலந்த புகை நிற்காமல் வந்தால் இன்ஜின் ஆயிலை எரிக்கிறது. வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை அடங்கவில்லை என்றால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கருப்பு என்றால் இன்ஜெக்டர், டர்போ, ஏர் ஃபில்டர் என்று தேடலாம். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி பரவாயில்லை. புகை பலமாகத் தள்ளிக்கொண்டு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம், அது பெரிய செலவு. மூடியின் உள்பக்கம் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து, சேஸில், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில், வெல்டிங் வைத்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முன் டயர் ஒரு ஓரமாக மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கலாம், அல்லது முன் அச்சு ஒருமுறை அடி வாங்கியிருக்கலாம். சர்வீஸ் நோட்டு இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் தொட மாட்டேன்.

இன்னொன்று, கையிலிருக்கும் மொத்தக் காசையும் வண்டிக்கே போட்டுவிடக் கூடாது. வண்டி விலையில் கால் பங்கைப் பழுதுக்கென்று தனியாக எடுத்து வைத்தேன். இரண்டாவது மாதமே டர்போ போனபோது அந்தப் பணம்தான் வண்டியைப் பட்டறையிலிருந்து வெளியே கொண்டுவந்தது. அப்படி ஒரு பணம் இல்லாமல் பழைய வண்டி வாங்குவதைவிடத் தவணையில் புது வண்டி எடுப்பதே மேல்.

புகைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் உள்ள சமீபத்திய இன்ஜின்களில் என் அனுபவம் குறைவு. புகைக்கரி ஃபில்டரில் சாம்பல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். புகையைச் சுத்தப்படுத்த 32.5 சதவீத யூரியா கரைசலைத் தெளிக்கும் அமைப்பு பழுதானால் பல வண்டிகளில் இன்ஜின் சக்தியே குறைக்கப்பட்டுவிடும். என் வண்டி இவை வருவதற்கு முந்தைய வகை. இப்படிப்பட்ட வண்டியைப் பழையதாக வாங்குவதென்றால், கம்ப்யூட்டர் வைத்துச் சோதிக்கத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதேபோல, குளிர்சாதன வண்டியை நான் ஓட்டியதில்லை. வழியில் நின்றால் உள்ளே இருக்கும் சரக்கே கெட்டுவிடும் என்பதால், அங்கே புது வண்டியின் பக்கம் நியாயம் கூடுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வண்டியே வாங்காமல் லோடு பிடித்துக் கொடுக்கும் புரோக்கராகத் தொடங்குவதும் ஒரு வழி. முதலீடு குறைவு, ஆனால் தொடர்புகள்தான் மூலதனம். ஏற்கெனவே இந்தத் துறையில் வேலை பார்த்தவருக்கு அது சரியாக வரும்.

இப்போது இரண்டாவது வண்டி எடுக்கப் போகிறேன், இந்த முறை புது வண்டி. ஒரு தொழிற்சாலையோடு இரண்டு வருட ஒப்பந்தம் போட்டாயிற்று. வாரத்துக்கு 4 நடை உறுதி, பணம் 15 நாளில். மாதத் தவணையை அந்த வாடகைக்கு நேராக வைத்துப் பார்த்தேன். மூன்றாவது வாரத்துக்குள் தவணைக்கான பணம் தேறிவிடுகிறது. பழைய வண்டியை விற்கவில்லை, புதியது சர்வீசுக்குப் போகும் நாளில் அந்த நடையை அதுதான் ஓட்டும்.